நடுத்தரமான உடற்கட்டு

ஆசிரியர் முன்னால் நின்று நோயாளியைப் பற்றி ஒப்பிக்கும்போது மருத்துவ மாணவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்போம். நோயாளி நினைவோடு இருக்கிறார், ஒத்துழைக்கிறார், மாடரேட்லி பில்ட், மாடரேட்லி நரிஷ்ட். அதாவது நடுத்தரமான உடற்கட்டு, நடுத்தரமான ஊட்டம். கட்டிலில் கிடப்பவர் எலும்பும் தோலுமாக இருக்கலாம், கட்டில் கொள்ளாமலும் இருக்கலாம். வாய் பாட்டுக்கு அதைச் சொல்லிவிடும். சீனியர்கள் அப்படிச் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம், எங்கள் ஜூனியர்களும் இந்நேரம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கேட்கிற ஆசிரியரும் அந்த இடம் தாண்டிய பிறகுதான் காதைக் கொடுப்பார்.

வார்டுக்குப் போன புதிதிலேயே அந்த வரி எனக்குப் பிடித்துப்போயிற்று. காரணம் சாதாரணமானது. நான் குண்டு. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. சுற்றி வளைத்தவர்களை நிறையப் பார்த்தாயிற்று. பூசினாற்போல என்பார்கள், ஹெல்தி என்பார்கள். செகந்திராபாத் கோயிலில் அம்மாவுக்குத் தெரிந்த மாமிகள், "படிக்கிற டென்ஷன்ல கொஞ்சம் ஊதிட்டா, இல்ல?" என்று பக்கத்தில் நிற்கும் என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் கேட்பார்கள். ஆளைப் பார்க்காமலே எல்லாரையும் நடுத்தரம் என்று சொல்லி விட்டுவிடுகிற ஓரிடம் இருக்கிறதென்றால் அங்கேயே குடியிருந்துவிடலாம் போலிருந்தது.

மற்ற படிப்பு என்றால் உடம்பைக் கடைசி பெஞ்சில் உட்கார்த்தி வைத்துவிட்டுப் படித்துவிடலாம். எங்களுக்குப் பாடமே உடம்புதான். முதல் வருஷம் ஹைதராபாத் கோட்டிக் கடைத்தெருவில் டாக்டர்கள் போடுகிற வெள்ளை ஏப்ரன் வாங்கப் போனபோது கடைக்காரர் இருந்ததிலேயே பெரியதை எடுத்துக் கொடுத்தார். பொத்தான் எட்டவில்லை. இன்னொன்றை எடுக்கிற மாதிரி பாவனை செய்துவிட்டு, தெலுங்கில், தைத்துக்கொள்வதுதான் நல்லது என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் வீடு இருக்கும் பாலாநகர் வரைக்கும் என் மடியில் காலிப் பைதான் இருந்தது.

பிசியாலஜி பிராக்டிகலில் ஒருவர் எடையை இன்னொருவர் பார்த்து எழுத வேண்டும். அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன். அன்றைக்கு என் எடையை எழுத வந்தவள்தான் பின்னால் என் தோழியானாள். ஹைதராபாத்தின் பழைய நகரத்துப் பெண். எண்ணைப் பார்த்தாள், எழுதினாள், தாளைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த மேஜையிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"கைக்கு ரே? உன் எடையைப் பாரு போ" என்று அவனை விரட்டினாள்.

அவள் பேசுவது தக்கனி, ஹைதராபாத் உருது. நான் அதைத் தமிழில் எழுதுகிறேன். ஏன் என்பதற்குக் கைக்கு, வேண்டாம் என்பதற்கு நக்கோ, இவை மட்டும் அவளுடைய வார்த்தைகள்.

எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது இரண்டாம் வருஷத்தில். எங்கள் லெக்சர் ஹால் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் நோயாளிகளுக்கும் பேராசிரியர்களுக்கும்தான். முதலில் ஏறி முடித்த பிறகு வாங்கிற்று, அப்புறம் பாதியிலேயே. பக்கத்தில் வருகிறவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டுவிடக்கூடாதே என்பதுதான் என் கவலையெல்லாம். அதனால் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். முதல் மாடித் திருப்பம் வந்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, "ஆங்... சரிம்மா... சாப்பிட்டாச்சு" என்பேன். மறுமுனையில் யாரும் கிடையாது. மூச்சு அடங்கியதும் "வைக்கட்டாம்மா?" என்று சொல்லிவிட்டு மேலே ஏறுவேன். இரண்டாவது மாடியிலும் அம்மா கூப்பிடுவாள்.

அது என் எடையால்தான் என்பதில் எனக்கும் சந்தேகம் இருக்கவில்லை. யாருக்குமே இருக்கவில்லை. லீவில் அம்மா ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனாள். நான் உள்ளே நுழையும்போதே டாக்டரின் கண் என்னை அளந்து முடித்துவிட்டது. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றேன். துப்பட்டாவுக்கு மேலேயே ஸ்டெத்தை ஒரு கணம் வைத்து எடுத்தார். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். "அப்புறம் என்கிட்ட எதுக்கு வந்தே? உனக்கே தெரியுமே" என்று சிரித்தார். அம்மாவும் கூடச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

மருத்துவப் பேராசிரியை ஒருவர் இன்னும் நேராகவே கேட்டார். எங்கள் யூனிட்டின் தலைவி அவர். சர்க்கரை நோயாளி ஒருவருக்கு உணவுக் கட்டுப்பாடு பற்றி நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, ரவுண்ட்ஸ் நின்றது. "நாளைக்கு இந்த அம்மா உன்னைப் பார்த்து, முதல்ல நீ குறைச்சிட்டு வான்னு சொன்னா என்ன செய்வே?" என்றார். கோபமெல்லாம் இல்லை, என் நல்லதுக்காகக் கேட்கிற தொனிதான். வார்டே என்னைப் பார்த்தது. அந்த நோயாளி அம்மாள்தான் பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு பட்டினி கிடந்தேன். பட்டினி என்று வீட்டில் சொல்லவில்லை, டயட் என்றேன். அம்மாவும் சந்தோஷமாகக் கொள்ளு வறுத்துக் கஞ்சி வைத்தாள். ஊரைவிட்டு வந்து இத்தனை வருஷம் ஆகியும் அம்மாவின் பேச்சு மட்டும் திருநெல்வேலியை விட்டு நகரவேயில்லை. "சோத்தக் கண்டா அவ்வளவு ஒதுக்காத ட்டீ, ஒரு வாய் மோராது குடி" என்று சொல்லிக்கொண்டே சோற்றுப் பானையைத் தள்ளி வைப்பாள். எடை குறைந்தது. ஏப்ரன் தொளதொளத்தது. மூச்சு வாங்குவது மட்டும் குறையவில்லை. முன்னைக்கு இப்போது கூடவே வாங்கிற்று. இந்த இடத்தில் மருத்துவம் படிக்கிற ஒருத்திக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததெல்லாம் பயம்தான். இன்னும் குறைக்க வேண்டும் போலிருக்கிறது, இவ்வளவு குறைத்தும் போதவில்லை, நான் அவ்வளவு குண்டு என்று நினைத்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பேன். ஓடும். பயத்தில்தான் ஓடுகிறது என்று சொல்லிக்கொள்வேன். அப்படிச் சொல்லிக்கொண்டதும் இன்னும் ஓடும்.

வார்டில் எங்கள் வகுப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. தேர்வுக்கு முன்னால் ஒருவரை ஒருவர் நோயாளியாக வைத்துப் பழகிக்கொள்வோம். அதற்கு ஒரு ஒல்லிப் பையன் நிரந்தரமாக நேர்ந்துவிடப்பட்டிருந்தான். அவனுக்கு விலா எலும்புகளை எண்ண வேண்டியதில்லை, தெரியும். இதயம் துடிப்பதே கண்ணுக்குத் தெரியும். அவனைப் படுக்கவைத்து, சட்டையைத் தூக்கி, எல்லாரும் சுற்றி நின்று தட்டுவோம், அமுக்குவோம். முடிந்ததும் கேன்டீனில் அவனுக்கு ஒரு டீயும் மிர்ச்சி பஜ்ஜியும். "ஃபர்ஸ்ட் கிளாஸ் செஸ்ட் டா உனக்கு" என்று தட்டிக்கொடுப்பார்கள். என்னை யாரும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. என்னிடம் எதுவும் கைக்குத் தட்டுப்படாது, எதுவும் காதுக்குக் கேட்காது என்பது எழுதாத சட்டம். அப்பாடா என்றும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

இன்டர்னல் பிராக்டிகலுக்கு முந்தின வாரம் அவன் மறுத்துவிட்டான்.

"இன்னைக்கு நான் சட்டையைத் தூக்க மாட்டேன்" என்றான் தெலுங்கில்.

"ஏன், வயிறு வந்துடுச்சா?" என்று யாரோ கேட்டார்கள். எல்லாரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. "மூணு வருஷமா என் எலும்பை எண்ணுறீங்க. எனக்கும் வெக்கமா இருக்காதா?" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான். ஒல்லியாக இருக்கிறவனுக்கு என்ன வெட்கம் என்று அதுவரைக்கும் நான் யோசித்ததே இல்லை. நாங்களும் கலைந்தோம்.

தோழிக்குத் தேர்வு பயம் தலைக்கேறியிருந்தது. இதயப் பரிசோதனையில்தான் அவள் தடுமாறுவாள். பெண்கள் வார்டின் ஓரத்தில் திரைச்சீலை போட்ட ஒரு காலிக் கட்டில் இருந்தது. என் கையைப் பிடித்து அங்கே இழுத்துப்போனாள்.

"படு" என்றாள்.

"என்கிட்ட ஒண்ணும் கேக்காது. வேற யாரையாவது கூப்பிடு."

"கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லிட்டுப் போறேன். எனக்கு முறைதான் முக்கியம். படு யா, நக்கோ சொல்லாதே."

படுத்தேன். மருத்துவக் கல்லூரிக்கு வந்த பிறகு என் நெஞ்சில் ஒருவர் முறையாகக் கைவைத்தது அதுதான் முதல் தடவை. அவள் புத்தகத்தில் உள்ளபடியே ஒவ்வொன்றாகச் செய்தாள். இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னாள். எந்த டாக்டரும் என்னை அப்படித் திருப்பிப் பார்த்ததில்லை. மூச்சை வெளியே விட்டுப் பிடிக்கச் சொன்னாள். ஸ்டெத்தை வைத்தாள். எடுத்து, காதில் மாட்டுவதைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"என்ன?" என்றேன்.

"என் ஸ்டெத் சரியில்ல. உன்னுதைக் கொடு."

என்னுடையதையும் வைத்துப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சுவரில் சுண்ணாம்பு உரிந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பிறகு அவள் ஸ்டெத்தை என் காதில் மாட்டிவிட்டு, மறுமுனையை என் நெஞ்சில் அவளே பிடித்துக்கொண்டாள். முதல் சத்தம் பலமாக, கதவைச் சாத்துகிற மாதிரி கேட்டது. இரண்டாவது சத்தத்துக்கு அப்புறம், எதுவும் இருக்கக்கூடாத இடத்தில், மாடி வீட்டில் யாரோ கட்டிலை இழுக்கிற மாதிரி ஒரு உருளல். அதற்கு என்ன பெயர் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வாரம் முழுக்க அதைத்தானே படித்திருந்தேன்.

"பயத்துல அப்படிக் கேக்குது" என்றேன்.

"யாரோட பயத்துல?" என்றாள் அவள்.

மேல்படிப்புப் படிக்கும் சீனியர் அக்கா ஒருத்தி வந்து கேட்டாள். நெடுநேரம் கேட்டாள். அதுவரை வளவளவென்று பேசிக்கொண்டிருந்தவள் அதன் பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டு, இதயத்துக்கு ஒரு ஸ்கேன், எக்கோ எடுத்துவிடலாம் என்றாள். அன்றைக்கே இடம் கிடைத்தது.

எக்கோ அறைக்கு வெளியே பெஞ்சில் நோயாளிகளோடு உட்கார்ந்திருந்தேன். ஏப்ரனைக் கழற்றி மடியில் சுருட்டி வைத்துக்கொண்டேன். எனக்கு இரண்டு பயம் இருந்தது. ஒன்று, இதயத்தில் கோளாறு இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களோ என்பது. இன்னொன்றை யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றும் இல்லை, எல்லாம் உன் கொழுப்புதான், சத்தமும் அதில்தான் எழும்புகிறது என்று சொல்லிவிடுவார்களோ என்பது. இரண்டில் இரண்டாவதுதான் என்னை அதிகமாக உலுக்கிற்று. தோழி பக்கத்தில் உட்கார்ந்து தஸ்பீ ஜெபமாலையின் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தாள்.

உள்ளே எக்கோ எடுத்தவர் ஜெல்லைத் தடவி, கருவியை நெஞ்சில் அழுத்தி அழுத்திப் பார்த்தார். "படம் சரியா விழலை" என்றார். இன்னும் அழுத்தினார். "ஸாரி மேடம்" என்றேன். எதற்கு ஸாரி என்று அவர் கேட்கவில்லை. கடைசியில் ஒரு கோணத்தில் விழுந்தது. திரையில் என் இதயத்தின் வால்வு ஒன்று முழுசாகத் திறக்காமல், கதவில் சங்கிலி போட்டுக்கொண்டு பேசுகிற வீட்டுக்காரர் மாதிரி, கொஞ்சமாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

சின்ன வயதில் தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வந்து, மூட்டு வீங்கி, கவனிக்காமல் விட்டால் வருகிற கோளாறு அது. இப்போதைக்கு மருந்தில் சமாளிக்கலாம், பென்சிலின் ஊசியைத் தவறாமல் போட்டுக்கொண்டே வர வேண்டும், பிற்பாடு வால்வை விரிக்க வேண்டி வரலாம் என்றார்கள். நான் வெளியே வந்தேன். தோழி எழுந்து நின்றாள்.

"இருக்கு" என்றேன். சொல்லும்போதே சிரித்துவிட்டேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. இதய நோய் என்று சொன்னதற்கு ஆசுவாசப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். என் தப்பு இல்லை, என் தப்பு இல்லை என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. தோழிக்கு என் சிரிப்பு பொறுக்கவில்லை. அழ ஆரம்பித்தாள்.

"படிக்கட்டுல நீ யார்கிட்டயும் பேசலைன்னு எனக்குத் தெரியும் யா. ரொம்ப நாளா தெரியும். கேட்டா உனக்கு வெக்கமா இருக்குமேன்னு விட்டுட்டேன்" என்றாள். அப்புறம்தான் எனக்கும் பயம் வந்தது, நிஜமான பயம்.

வீட்டில் அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். "அந்த கிளினிக் டாக்டருக்கு இது ஏன் கேக்கலை?" அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"சின்னதுல முட்டு வலிக்குன்னு அழுவியே ட்டீ. பள்ளிக்கூட பஸ்ஸ விட்டு எறங்கி நடக்க மாட்டாம நிப்பியே. நாந்தான் ஒடம்பு கனம் தாங்காம வலிக்குன்னு சொல்லி, ராத்திரி சோத்த நிப்பாட்டுனேன்."

"அப்போ காட்டின டாக்டரும் அதைத்தானேம்மா சொன்னாரு" என்றேன்.

"அவிய சொன்னா? பெத்தவ எனக்குத் தெரியாண்டாமா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அன்றிரவு என் தட்டில் சோற்றை அள்ளி அள்ளிப் போட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெளிய ஒருத்தருக்கும் தெரியாண்டாம், நாளைக்கு ஒனக்குக் கல்யாணம் காச்சின்னு இருக்கு" என்றாள். குண்டு என்பதைக் கோயில் வாசலில் நின்று பேசலாம், இதயத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆனால் வார்டில் எந்த ரகசியம்தான் தங்கும்? சில வாரத்தில் பேராசிரியை என்னைக் கூப்பிட்டார். கேட்கத் தயங்கினார், அவர் தயங்கி நான் பார்த்ததில்லை. இவ்வளவு தெளிவான மர்மர், அதாவது அந்த உருளல் சத்தம், மாணவர்களுக்குக் கிடைப்பது அபூர்வம், உனக்குச் சம்மதமென்றால் மட்டும் அவர்கள் கேட்டுப் பார்க்கட்டும், இஷ்டமில்லையென்றால் இப்போதே மறந்துவிடு என்றார். மூன்று வருஷமாக எதுவுமே கேட்காத உடம்பு ஒரே நாளில் அபூர்வமாகிவிட்டது. அம்மா சொன்னது நினைவில் இருந்தது. எல்லாரும் சுற்றி நின்று பார்ப்பார்கள் என்ற நினைப்பிலேயே நாடி ஓடிற்று. ஆனால் இன்னொரு கிளினிக்கில் இன்னொருத்தியின் துப்பட்டா மேல் இவர்கள் ஸ்டெத்தை வைக்கப்போகிறவர்கள்தானே என்றும் தோன்றிற்று. சரி என்றேன்.

திரைச்சீலைக்குள்ளே பெண்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். பையன்கள் வெளியே நின்றார்கள். ஒல்லிப் பையன் கடைசியில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான், அதற்காக அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒப்பிக்க வேண்டியது தோழியின் முறை. திரையை விலக்கினார்கள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவள் என் தலைமாட்டில் நின்று, பேராசிரியையைப் பார்த்து ஆரம்பித்தாள்.

"நோயாளி நினைவோடு இருக்கிறார், ஒத்துழைக்கிறார். மாடரேட்லி பில்ட், மாடரேட்லி நரிஷ்ட்..."

ஒருவரும் நிமிரவில்லை. பேராசிரியை மேலே சொல் என்று தலையை ஆட்டினார். பழக்கத்தில் வந்ததா, என் மேலுள்ள பிரியத்தில் சொன்னாளா, தெரியவில்லை. இத்தனை வருஷம் எனக்கு ஆசையாக இருந்த வரி. அது என் மேல் வந்து விழுந்தபோது, கட்டிலில் வேறு யாரோ படுத்திருப்பது போலிருந்தது. இவர்களும் என்னைப் பார்க்கவில்லை. கிளினிக் டாக்டர் குண்டை மட்டும் பார்த்தார், இவர்கள் மர்மரை மட்டும் கேட்டார்கள்.

"மேடம், அது தப்பு" என்றேன். "நான் ஒபீஸ், குண்டு. அதைச் சொன்னாத்தான் இது ஏன் இவ்வளவு நாள் யாருக்கும் கேக்கலைன்னு புரியும்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். தோழியின் பக்கம் திரும்பி, "முதலிலிருந்து சொல். பார்த்துவிட்டுச் சொல்" என்றார்.

தோழி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். என் இதயம் எனக்கே கேட்டது. நோயாளி நினைவோடு இருக்கிறார் என்றாள், ஒத்துழைக்கிறார் என்றாள். அங்கே நிறுத்தினாள். பிறகு குனிந்து, தலையிலிருந்து கால்வரைக்கும் என்னைப் பார்த்தாள்.